குத்தாத காதுகுத்து

சிதம்பரம்
8-7-2007

அன்புள்ள ரேகா அக்காவுக்கு,

கடலூர் மாவட்டத்து மக்கள் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: நேற்று மதியம் எங்கள் விடுதிச் சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தவர் பதினோராம் வகுப்பு மாணவர் சேரன், அதாவது உன் ஒரே தம்பி. நீளம், சுண்டுவிரலில் பாதி. பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் பார்வையாளர்கள் வந்து போனார்கள். பிறகு முழு மரியாதையுடன் மென்று அடக்கம் செய்யப்பட்டது.

இதையே நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினேன். வார்டன் படித்துச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னார். ரசனையுள்ள மனிதர்கள்தான் ஆபத்தானவர்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். குமராட்சியில் இறங்கி நடக்கும்போது வயலில் அப்பா நின்றார். "சாப்ட்டியா?" என்றார். "சாப்ட்டேன்" என்றேன். அந்த மாதத்துப் பேச்சு அத்தோடு தீர்ந்தது. நீ மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. பெயரிலேயே கண்ணை வைத்துக்கொண்டு உன் பக்கம் பார்க்க மாட்டேன் என்கிறார் நம் அப்பா சாமிக்கண்ணு. அம்மா இருந்திருந்தால் அந்தக் கண்ணைப் பிடித்துத் திருப்பியிருப்பாள்.

இது நான் போடும் மூன்றாவது கடிதம். ஐஸ் பிளாண்ட்டில் வேலை செய்கிற தேவசகாயம் மாமா உன்னையும் உறைய வைத்துவிட்டாரா? ஜான்சிக் குட்டி குப்புற விழுகிறாளா? தாய்மாமனைக் கேட்கிறாளா? பதில் போடு.

உன்
சேரன்


கடலூர் முதுநகர்
13-7-2007

டேய் சேரா,

உன் மூன்று கடிதமும் வந்தன. எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்துவிட்டேன்.

ஜான்சிக்கு இருதயத்தில் ஓட்டை இருக்கிறது.

எழுதிவிட்டேன். மீதியையும் எழுதிவிடுகிறேன். பால் குடிக்கும்போது அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்க்கும். இரண்டு வாய் குடிப்பாள், இளைத்துப்போய் விட்டுவிடுவாள். "வெயிலு காலத்துப் புள்ள, அப்பிடித்தான் வேர்க்கும்" என்று தெருவில் சொன்னார்கள். நம்பினேன். உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் ஆகியும் எடை ஏறவில்லை. சளிக்குக் காட்டப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவே இல்லை. பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மெட்ராஸுக்கு.

ஆபரேஷன் செய்தால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடுவாளாம். "மொதப் பொறந்த நாளு வரைக்கும் தள்ளிப் போடாதீங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். தள்ளிப் போட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. இலவசமாகச் செய்யும் இடத்தில் வரிசை நீளமாக இருக்கிறது. அந்த வரிசையில் நிற்க இவளுக்கு மூச்சு போதாது. நாங்கள் காட்டிய இந்த மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு டிரஸ்ட் பாதிச் செலவை ஏற்கிறது. மீதியை நாங்கள் கட்டினால்தான் தேதி. இவர் முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டார். என் தோடு போயிற்று. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தட்டு எடுத்தார்கள். அத்தனையும் சேர்த்தும் எங்கள் பங்கில் பாதி வரவில்லை.

அப்பாவிடம் சொல்லாதே. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊர் நடுவில் நின்று என்ன சொன்னார் என்று நீயும் கேட்டாய். "நாளைக்கு ஒனக்கு ஒரு புள்ள பொறந்தா, அதுக்குக் காது குத்த எம் வூட்டு ஆளு எவனும் மடி குடுக்க மாட்டான்." பிறக்காத பிள்ளையைச் சொன்ன வார்த்தை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டியிருக்கலாம். அவரிடம் போய் நின்றாய் என்று தெரிந்தால் உன்னோடும் பேச மாட்டேன்.

நன்றாகப் படி.

ரேகா


சிதம்பரம்
18-7-2007

அக்கா,

இந்தக் கடிதத்தில் அறிவிப்பு இல்லை.

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பயாலஜி சாரிடம் போய்க் கேட்டேன். படம் போட்டுக் காட்டினார். இருதயத்தில் நான்கு அறைகளாம், நடுச்சுவரில் ஓட்டை விழுந்தால் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துவிடுமாம். எங்கள் விடுதியில் பக்கத்து அறைக்கு முறுக்கு கடத்துவதற்காகச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே சிமெண்ட் வாங்கி அடைத்துவிட்டேன். பையன்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

இரண்டு நாளாக யோசித்ததில் ஒரு வழி தோன்றுகிறது. திட்டாமல் படி. ஜான்சிக்குக் காதுகுத்து வைப்போம்.

அப்பா இத்தனை வருஷமும் ஊரில் ஒரு விசேஷம் விடாமல் மொய் எழுதியவர். கூலிக்காசில் எழுதியவர். நம் வீட்டில் திருப்பிச் செய்ய ஊருக்கு ஒரு விசேஷம்கூடக் கிடைக்கவில்லை. உன் கல்யாணமும் கோயிலில் பத்துப் பேரோடு முடிந்துவிட்டது. ஆக, ஊரே நமக்குச் செய்முறை செய்யக் காத்திருக்கிறது. வரட்டும், வந்து மொய்க்கட்டும்.

மடிதானே பிரச்சினை? தாய்மாமன் மடி தயார். அவர் வீட்டு ஆள் எவனும் கொடுக்க மாட்டான் என்றார். நான் இப்போது விடுதி ஆள்.

சேரன்


கடலூர் முதுநகர்
24-7-2007

சேரா,

முதலில் உன் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிள்ளையின் நோயைக் காட்டிக் கை நீட்டுவதா என்று அழுகை வந்தது. இவர் எடுத்துப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஐஸ் பொட்டி தூக்கும்போது ஒருத்தன் கை குடுத்தா அது பிச்சையா? நாளைக்கு அவன் பொட்டிக்கு நாம குடுக்கப் போறோம். உங்கப்பாவும் அப்பிடித்தான எழுதியிருப்பாரு?" அப்பாவுக்குப் பரிந்து இந்த வீட்டில் பேசுவது இவர் ஒருவர்தான். அதிலும் ஒரு எரிச்சல்.

சரி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆபரேஷன் முடியிற வரைக்கும் காது குத்துற பேச்சே எடுக்காதீங்க. புண்ணு சீழ் வச்சா நேரா நெஞ்சுக்குப் போயிடும்" என்றார்.

காது குத்தாமல் எப்படிடா காதுகுத்து வைப்பது? இதற்கு உன்னிடம் வழி இருந்தால் சொல். இல்லையென்றால் விட்டுவிடு. இன்னொன்று. பத்திரிகையில் அப்பா பெயர் வரக்கூடாது. அவர் கொடுக்காத பெயரை நாம் எடுத்துப் போட வேண்டாம்.

நேற்றிலிருந்து ஜான்சி தூக்கத்தில் அதிகமாக மூச்சு வாங்குகிறாள். வயிறு பள்ளம் விழுந்து எழுகிறது. நான் எண்ணிக்கொண்டே விழித்திருக்கிறேன்.

ரேகா


சிதம்பரம்
30-7-2007

அக்கா,

வழி இருக்கிறது. காசுக்கடைத் தெருவில் ஒரு ஆசாரியைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். "குத்துற எடத்துல சந்தனப் பொட்டு வச்சி எறக்கிடலாம். ஆபரேஷன் முடிஞ்சி புள்ள தேறி வரட்டும், அப்பறம் நானே வந்து குத்துறேன். ஆனா கூலி ரெண்டு காதுக்கும் இப்பவே முழுசா வேணும்" என்றார். எழுந்து வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டு, "கூலிய மொய்யில எழுதிக்க" என்றார்.

ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை. வளர்பிறை. உங்கள் கோயில் மண்டபத்தை மாமா கேட்கட்டும். விருந்துக்கு மாமாவின் துறைமுகத்து நண்பர்கள் சங்கரா மீன் தந்தால் அதுவே போதும். நம் ஊரில் மீன் குழம்புக்கு எதிர்க்கட்சி கிடையாது.

பத்திரிகை அச்சாகிவிட்டது. அச்சகத்துக்காரர் மகன் என் வகுப்பு, கணக்கில் என் விடைத்தாளைப் பார்த்து வாழ்கிறவன். நீ சொன்னபடி அப்பா பெயர் இல்லை. 'தாய்மாமன்: சேரன்' என்று மட்டும் போட்டிருக்கிறேன், கொஞ்சம் பெரிய எழுத்தில். நோயையும் ஒளிக்கவில்லை. 'குழந்தையின் இருதய சிகிச்சைக்கு முன்பாக' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

வருகிற வாரங்களில் ஒரு சனி, ஞாயிறு ஊருக்குப் போய் நானே வீடு வீடாகக் கொடுத்துவிடுகிறேன். நீ பிள்ளையைப் பார். ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தாய்மாமன் சேரன்


சிதம்பரம்
13-8-2007

அக்கா, வெற்றி!

சனிக்கிழமை காலையில் இறங்கினேன், ஞாயிறு பொழுது சாய்வதற்குள் ஊர் என் பைக்குள். சபாபதி மாமா முதலில் முகத்தைத் திருப்பினார். அவருடைய எருமையைப் பார்த்து, "மாமா, இது போன வருஷத்த விடக் களையா இருக்குதே, என்னா போடுறீங்க?" என்றேன். அவ்வளவுதான், மனிதர் உருகிவிட்டார். ராஜாமணி சித்தப்பாவிடம் சபாபதி மாமா பெரிய மொய்யாக எழுதப் போகிறார் என்று காதில் போட்டேன். அவரை விட ஒரு ரூபாயாவது கூட எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மங்கலம் அத்தையிடம் துறைமுகத்து மீன் வாசனையைப் பேச்சிலேயே காட்டினேன். வேன் ஏற்பாடு செய்வதாக அத்தையே சொல்லிவிட்டது.

அப்பாவா? அவர் மூக்குக்குக் கீழேயே எல்லாம் நடந்தது. மீசைக்குக்கூடத் தெரியாது.

பதினாறு வயதில் ஒரு ஊரையே கூட்டியவன் உன் தம்பி. பிற்காலத்தில் என் பேரன்கள் கேட்டால் சாட்சி சொல்ல இந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்து.

சேரன்


கடலூர் முதுநகர்
29-8-2007

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உன்னோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. வேன் கிளம்புகிறது என்று ஓடிவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ஊர் வராது என்றுதான் நினைத்திருந்தேன். வேன் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு டாடா ஏஸ். சபாபதி மாமா இறங்கி இவரிடம் வந்து, "மாப்ள, மண்டபம் எந்தப் பக்கம்?" என்றார். அந்த ஊரிலிருந்து ஒருவர் இவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. இவர் கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. லுங்கியில் துடைத்துத் துடைத்துக் கும்பிட்டார்.

நீ மடியில் வாங்கியபோது உன் கை நடுங்கியது. நான் பார்த்தேன். ஆசாரி இரண்டு காதிலும் சந்தனம் வைத்தார். ஜான்சி முழிக்கவே இல்லை. பிள்ளை அழாத காதுகுத்தை யாரும் பார்த்ததில்லை. மங்கலம் அத்தை, "அழுடி ராசாத்தி, அப்பறமா வந்து நல்லா அழுடி" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது.

வந்தவர்கள் எழுதியதில் எங்கள் பங்கு நிறைந்துவிட்டது. பணம் கட்டியாயிற்று. செப்டம்பர் 13 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

பந்தி முடியும் வரை நான் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

ரேகா


சிதம்பரம்
2-9-2007

அக்கா,

கை நடுங்கவில்லை. அது வேன் குலுக்கிய குலுக்கலின் மிச்சம்.

தெருவைப் பார்த்தாயாக்கும். எதற்கு? அதுதான் நான் இருந்தேனே. மாலை, மடி, ஊர், வேன் என்று எல்லாவற்றையும் ஒரே ஆளாகக் கொண்டுவந்து இறக்கினேன். இனிமேல் தாய்வீடு எங்கே என்று யாராவது கேட்டால், சிதம்பரத்தில், விடுதியில், ஜன்னலோரக் கட்டில் என்று சொல்.

காலாண்டுப் பரீட்சை வருகிறது. 13-ஆம் தேதி எனக்குக் கணக்கு. அன்று முழுக்க என் கணக்கு வேறெங்கோதான் இருக்கும்.

சேரன்


சென்னை
17-9-2007

சேரா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முடிந்துவிட்டது. காலையில் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனவர்கள் சாயங்காலம்தான் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். உடம்பெல்லாம் குழாய். நேற்றுத் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். சத்தமே வராத ஒரு அழுகை அழுதாள், கோழிக்குஞ்சு மாதிரி. இன்று காலை பால் கொடுத்தேன். குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், வேர்வை இல்லை. மறுபடி மறுபடி தொட்டதில் நர்சு சிரித்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளை ஒன்று இருந்தது. ஆண்பிள்ளை, அதே நோய். பணம் சேர்த்துக்கொண்டு வருவதற்குள் நாள் கடந்துவிட்டது. சனிக்கிழமை போய்விட்டான். அவன் அம்மா அவனுக்குப் பால் புகட்ட வைத்திருந்த பாலாடையை ஜான்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். என்னால் வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அவளுக்கு அப்பா, அண்ணன், சித்தப்பா என்று தாய்வீட்டார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததும் ஒரு முடிவு எடுத்துவிட்டேன், சேரா. ஊரே வந்தது, அவர் வரவில்லை. பேத்தி உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி அவர் முகத்தில் விழிக்க மாட்டேன். நாளை அவருக்கே ஒன்று ஆனாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே. நீ சொன்னதுதான் சரி. என் தாய்வீடு நீ ஒருவன்தான்.

ரேகா


சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு
21-9-2007

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஜான்சி பால் குடித்தாள் என்ற வரியை அறை முழுக்கப் படித்துக் காட்டினேன். அதற்குக் கீழே இருந்ததைப் படித்துக் காட்டவில்லை. என்னாலேயே படிக்க முடியவில்லை. ராத்திரியே ஊருக்குப் போய்விட்டேன். இப்போது எழுதப்போவது சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தது. என் சத்தியத்தின் தரம் உனக்குத் தெரியும்.

எருமை கதை பொய். ராஜாமணி சித்தப்பா கதை பொய். அன்று சனிக்கிழமை பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு போனேன் பார், மூன்று வீட்டுக்கு மேல் போகவே இல்லை. சபாபதி மாமா பத்திரிகையைக் கையில் வாங்கவில்லை. "தாம்பாளம் எங்கடா? பெரியவங்க எங்க? சினிமா நோட்டீசு மாதிரி நீட்டுற? உங்கப்பன் வந்து வாசல்ல நின்னு கூப்புடட்டும், வர்றேன்" என்றார். அடுத்த இரண்டு வீட்டிலும் அதேதான். வெற்றிலை பாக்கு வைத்துப் பெரியவர்கள் அழைத்தால்தான் அழைப்பு என்பதுகூடத் தெரியாமல், பெரிய எழுத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு ஆத்திரம். மிச்சப் பத்திரிகைகளை வாய்க்காலில் போடப் போனேன். போடவில்லை. மதகில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அப்பா வயலிலிருந்து ஏறி வந்தார். ஒரு பத்திரிகையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'இருதய சிகிச்சை' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. "இது என்னா?" என்றார். சொன்னேன். அவர் நேரே வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்தார். எல்லா வீட்டுக்கும் போனார், அக்கா. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் போனார். சபாபதி மாமா வாசலில் நின்று, "எம் பேத்திக்குக் காது குத்துறோம், வந்துடுங்க" என்றார். அன்று ஊர் நடுவில் அந்த வார்த்தையைச் சொன்னபோது கேட்ட அதே ஆட்களிடம்தான் சொன்னார்.

"நான் கூப்புட்டேன்னு தெரிஞ்சா அவ ஒத்தக் காசு வாங்க மாட்டா. நீயே கூப்புட்டன்னு சொல்லிடு. ஊருலயும் அப்பிடியே சொல்லச் சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

விசேஷத்துக்கும் வந்தார். வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து முதுநகர் ரயில்வே கேட் வரைக்கும் வந்தார். அங்கே, "நிறுத்துப்பா" என்று இறங்கிவிட்டார். மங்கலம் அத்தை சட்டையைப் பிடித்து இழுத்தது. "மடி குடுக்க மாட்டான்னு சொன்ன வாய வச்சிக்கிட்டு எப்பிடிப் போயி நிக்கிறது?" என்றார். நாங்கள் திரும்பி வரும்வரை கேட் பக்கத்து டீக்கடையில் இருந்தார். நான் உன்னோடு பேசாமல் ஓடியது அதனால்தான். வேனில் ஏறியதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "புள்ள அழுதுச்சா?" தூங்கியது என்றேன். ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

நேற்று ராத்திரி உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். கடைசிப் பத்தியை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. முழுவதும் படித்தார். "ஞாயந்தான்" என்றார். விடியலில் எழுந்து பார்த்தால் அதே வெள்ளைச் சட்டையில் நிற்கிறார்.

ஆக, இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. கொண்டு வந்திருப்பவர் வார்டு வாசலில்தான் நிற்பார், நீ கூப்பிடாமல் உள்ளே வர மாட்டார். கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். அதில் நான் பேச யோக்கியதை இல்லை. இப்போது எதிரே டீ குடிக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். பரீட்சை மார்க் என்று சொல்லியிருக்கிறேன்.

மெட்ராஸ் பஸ் வந்துவிட்டது. ஊரைக் கூட்டியவன் நான் இல்லை, அக்கா. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனவன், அவ்வளவுதான். அதிலும் வழியில் ஆசைப்பட்டு ஒரு வெற்றிலையை மென்று பார்த்துவிட்டேன். காரம் தாங்காமல் ராஜாமணி சித்தப்பா வீட்டு வாசலிலேயே துப்பிவிட்டேன். அதற்கும் அப்பாதான் மன்னிப்புக் கேட்டார்.

சேரன்